சோறு போட்டவர் கையில் சாவியா?

(தஞ்சை மாவட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்காக நடந்த மகளிர் நாள் கூட்டத்தில், குடும்பநல நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள், அதுவும் உயரமானவர்கள். மகளிர் தினக் கூட்டம் என்றால் அப்படித்தான், பழகிவிட்டது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, தனியாக நின்று பெண் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள். இத்தனை வருடத் தொழிலில் தனியாக நிற்கும் தாயை நான் பார்த்ததே இல்லை என்றால் சிரிப்பீர்கள். புருஷன் இறந்திருப்பான், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பான், அல்லது அடி தாங்காமல் இவளே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் என் ஆபீசுக்கு வரும்போது கூடவே அப்பா வருவார், அண்ணன் வருவார், சித்தப்பா வருவார், வெளியே பைக்கில் உட்கார்ந்தபடி ஒரு மச்சான் காத்திருப்பார். நான் அவளிடம் கேள்வி கேட்பேன், அண்ணன் பதில் சொல்வார். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று நேராகக் கேட்டால் அவள் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்ப்பாள்.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. நடுராத்திரியில் போன் வந்ததும் வேன் பிடித்துப் போய்த் தங்கச்சியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டி வந்தவர். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தவர். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது ஃபீஸ் கட்டியவர். ஆனால் அடுத்த ஜூனில் அவரே, "பெரியவளைப் பன்னிரண்டோடு நிறுத்திடலாம், காலம் கெட்டுக் கிடக்கு" என்கிறார். அதற்கடுத்த வருடம் மாப்பிள்ளை ஜாதகம் கொண்டுவருகிறார். தங்கச்சி வேலைக்குப் போகக் கேட்டால், "நான் சோறு போடலையா?" என்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனை பெண்கள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் தெரியுமா? சோறு போட்டது உண்மை. போட்டதனால் சாவியும் தன் கையில்தான் என்று அவர் நினைப்பதும் உண்மை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் வீடுகளில் யாரும் சொல்லித்தருவதில்லை.

அண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீரியல்காரர்கள் அவரை வில்லியாக்கிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அவர் அடுப்படியில் மூன்று பேருக்குக் கூடுதலாக உலை வைக்க வேண்டியிருக்கிறது. அவரை யாராவது கேட்டார்களா? கேஸ் சிலிண்டர் பத்து நாள் முன்கூட்டியே தீர்கிறது. கோபத்தைப் புருஷனிடம் காட்ட முடியாது, அதனால் நாத்தனார் பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த இட்லியிடம் காட்டுகிறார். இரண்டு பெண்களும் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. சண்டை மட்டும் அவர்கள் இருவருக்கும்.

சரி, இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா? நம் மெட்ராஸிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

அ. லலிதா. 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். 1937-இல் ஒரு பெண் குழந்தை. குழந்தை பிறந்த நான்காவது மாதம் கணவர் இறந்துபோனார். லலிதாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அந்தக் காலத்து வைதீகக் குடும்பத்தில் பதினெட்டு வயது விதவைக்கு என்ன வழி என்று உங்கள் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். இவர் அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மகள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். படிக்க வேண்டும் என்றாள். டாக்டருக்குப் படித்தால் நேரம் காலம் இல்லாமல் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும், அதனால் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்றாள். அதுவரை அந்தக் கல்லூரியில் ஒரு பெண்கூடப் படித்ததில்லை. அப்பா கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசினார், அனுமதி வாங்கினார், சேர்த்துவிட்டார்.

அப்பா செய்தது அவ்வளவுதான். இந்தப் படிப்பு வேண்டாம், வீட்டோடு டீச்சர் டிரெயினிங் படி என்று சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு அப்பா வேண்டும், நான் பார்க்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள் என்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து லீலம்மா ஜார்ஜ், திரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் 1943-இல் பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் 'அவன்' என்றுதான் ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்து 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அவர் ஆறு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் மத்திய அரசு வேலை. சிறிது காலம் அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவிவிட்டு 1948-இல் கல்கத்தாவுக்குப் போனார், அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்துக்கு. ஏன் கல்கத்தா? அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. இவர் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளை அந்த வீட்டு அண்ணி பார்த்துக்கொண்டார். மின்கடத்துப் பாதைகள், துணை மின்நிலையங்களுக்கு வரைபடம் போட்டார். பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கி வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் உலக மாநாடு நடந்தபோது இந்தியாவிலிருந்து புடவையோடு போய் உட்கார்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை, அது அவர் முடிவு. 1979-இல் காலமானார்.

படித்த குடும்பம், வசதி இருந்தது, அதனால் முடிந்தது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லலிதாவின் அண்ணி என்ன கொடுத்தார்? குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நம் வீட்டு அண்ணியும் அதைத்தான் செய்கிறார். வசதி வேறாக இருக்கலாம், செய்த வேலை ஒன்றுதான். லலிதாவின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் குழந்தைக்கும் அவள் அம்மாவுக்கும் சேர்த்து முடிவெடுக்கவில்லை. அது மட்டும்தான் வித்தியாசம். அதற்குப் பணம் செலவாகாது.

இனி சட்டம். தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

1956-இல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று எழுதி வைத்தார்கள். 'பிறகு' என்றால் செத்த பிறகு என்றே எல்லா ஆபீசிலும் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். 1984-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார், காப்பாளர் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு. வங்கி திருப்பி அனுப்பியது: அப்பா கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் காப்பாளர் சான்று வாங்கி வா. வேடிக்கை என்னவென்றால், அப்போது கணவர் கூடவே இருந்தார், அவருக்கும் சம்மதம். சம்மதம் இருந்தும் தாயின் கையெழுத்து செல்லவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு. தந்தை பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்கவில்லை என்றாலோ, கவனிக்கும் நிலையில் இல்லை என்றாலோ தாயே காப்பாளர், அவர் சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று வந்தது.

2015-இல் இன்னொரு தீர்ப்பு. திருமணம் ஆகாத தாய், குழந்தையின் தந்தை பெயரைச் சொல்லாமலேயே காப்பாளராக விண்ணப்பிக்கலாம் என்றது. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2018 டிசம்பரிலிருந்து, தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைக்கு பான் கார்டில் அப்பா பெயர் கட்டாயமில்லை. நம் ஊரில் இனிஷியல் என்று ஒன்று இருக்கிறதே, பெரிய மானப் பிரச்சினை, அதிலும் அம்மாவின் எழுத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் கம்பீரமாக நடமாடுகிறார்கள். இதெல்லாம் உங்கள் உள்ளூர் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "அப்பா வரலையா?" என்றுதான் கேட்பார். பதற வேண்டாம். எழுதிக் கேளுங்கள், எந்த விதிப்படி அப்பா வர வேண்டும் என்று.

எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு 2022 ஜூலையில் வந்தது. இவரும் லலிதாதான், அகெல்லா லலிதா. ஆந்திரத்துக்காரர். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் இறந்துபோனார். அடுத்த வருடமே மறுமணம் செய்துகொண்டார். இறந்த கணவரின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள்: பேரனுக்கு எங்களைக் காப்பாளராக்குங்கள். உயர் நீதிமன்றம், பழைய குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், ஆவணங்களில் இப்போதைய கணவரை மாற்றாந்தந்தை என்று குறிப்பிட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தந்தை இல்லாத நிலையில் தாய்தான் இயற்கைக் காப்பாளர், பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்பதை அவள்தான் முடிவு செய்வாள், மாற்றாந்தந்தை என்று எழுதச் சொல்வது கிட்டத்தட்டக் கொடுமை என்றது. அந்தத் தாத்தா பாட்டி மேல் எனக்கு வருத்தம் உண்டு. மகனைப் பறிகொடுத்தவர்கள், அவன் பெயராவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தத் துக்கத்தைப் பிள்ளையின் சான்றிதழில் எழுதிவைக்க முடியாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பை 2001-இலேயே எடுத்துவிட்டார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு உபகாரம் செய்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும். தீர்ப்பு எத்தனை வருடம் கழித்து வந்தாலும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். ஆகவே மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மகளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, இனி அப்பன் தர மாட்டான் என்று விட்டுவிடவும் வேண்டாம். கல்யாணம் ஆகாத, சொந்த வருமானம் இல்லாத இந்து மகளைப் பராமரிக்கும் கடமை தந்தைக்குத் தொடர்கிறது, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி. வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன் பாருங்கள்.

குடும்ப அட்டையைப் பற்றி ஒன்று. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது, மாதம் 1000 ரூபாய். ஓர் அட்டைக்கு ஒரு பெண்தான். உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அண்ணன் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பணம் அண்ணிக்குப் போகும். தனிச் சமையல் இருந்தால் தனி அட்டை கேட்கலாம். ஆயிரம் ரூபாய்க்காக நான் இதைச் சொல்லவில்லை. 'குடும்பத் தலைவி' என்று உங்கள் பெயர் அச்சாகி வரும், அதற்காகச் சொல்கிறேன். மாடி அறையில் ஒரு ஸ்டவ் வைத்தால் அண்ணிக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இன்னொன்று, இந்த அரங்கில் சிலருக்குக் கோபம் வரும். அண்ணன் வீடு, அண்ணன் வீடு என்கிறோமே, அது யார் வீடு? அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் எழுதாமல் இறந்துபோனார் என்றால், 1956-இலிருந்தே மகனுக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இலேயே அப்போது கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும், கல்யாணம் ஆனவர்களுக்கும் சேர்த்து வந்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் அது கலையாது. கல்யாணத்தின்போது நகை போட்டுவிட்டு உங்களிடம் விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிய பத்திரத்தில், கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவும் வேறு கதை. இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு, கூட்டம் முடிந்ததும் வாருங்கள், பேசலாம். நான் சொல்ல வருவது, எத்தனையோ பெண்கள் தங்கள் சொந்தப் பங்கில் குடியிருந்துகொண்டு, அண்டிப் பிழைப்பதாக நினைத்துத் தலைகுனிந்து நடக்கிறார்கள்.

மண்டபத்துக்கு வருவோம். பெரியவள் வயசுக்கு வருகிறாள், மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் வரிசை தெருவை அடைத்துக்கொண்டு வருகிறது. மேடையில் நலங்கு வைக்க ஊர்ப் பெண்களையெல்லாம் கூப்பிடுகிறார்கள். பெற்றவள் சமையல்கட்டில் பாயசத்தைக் கிண்டிக்கொண்டு நிற்கிறாள், "நீ முன்னால வராதே" என்று சொந்த அம்மாவே சொல்லிவிட்டாள். இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. இருந்தாலும் ஒன்று பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பெண், "எங்க அம்மா வந்து வெச்சாதான் நான் உட்காருவேன்" என்று எழுந்துவிட்டாள். புரோகிதர் வரைக்கும் வாதம் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசத்தான் செய்தார்கள். அந்தப் பெண்ணின் பிடிவாதத்தில் அம்மாவின் முதல் சந்தனம்தான் விழுந்தது. பந்தி என்னவோ வழக்கம்போல நடந்தது, யாரும் சாப்பிடாமல் போகவில்லை.

இதுவரைக்கும் கை தட்டினீர்கள். இனிமேல் சொல்வதற்குத் தட்ட மாட்டீர்கள்.

அண்ணன் உங்களிடம் செய்வதை நீங்கள் உங்கள் மகள்களிடம் செய்கிறீர்கள். "உங்களுக்காகத்தான் நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலை." "உங்களுக்காகத்தான் இந்த வீட்ல பேச்சு வாங்கிட்டுக் கெடக்கேன்." எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அதைக் கேட்டு வளரும் பெண்ணால் பிறகு உங்களிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நீங்கள் அண்ணனிடம் வாயடைத்து நிற்கிறீர்களே, அதே மாதிரி அவள் உங்களிடம் நிற்பாள்.

அதிலும் பெரியவள் பாடு பாவம். பதினோரு வயதில் அவளைக் குட்டி அம்மாவாக்கிவிடுகிறோம். சின்னவளுக்குத் தலைவாருவாள், வீட்டுக்கணக்கு எழுதுவாள், ராத்திரி நாம் அழும்போது விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எம் பொண்ணு எனக்குத் தோழி மாதிரி" என்று பெருமையாகச் சொல்கிறோம். தோழி தேவைதான். அதற்குத்தான் இந்தக் குழு இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா இருக்கிறார். சின்னவளுக்கோ வேறு வேலை கொடுத்திருப்போம், அப்பாவிடம் தூது போவது. "நீ கேட்டா குடுப்பாரு, போய் ஃபீஸ் கேளு." கோர்ட்டில் ஞாயிற்றுக்கிழமை பார்க்க அனுமதி கொடுத்திருப்பார்கள். போகும்போது அம்மாவின் கேள்விப் பட்டியலோடு போகும், வரும்போது அப்பாவின் வசவோடு வரும். ஃபீஸ் கேட்கக் கோர்ட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறேன். பிள்ளையை அனுப்பாதீர்கள்.

உங்களுக்காக நீங்கள் எதையாவது செய்துகொள்ளுங்கள். விட்ட பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுங்கள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். மறுமணமா, செய்துகொள்ளுங்கள். வேண்டாமா, உங்களுக்கு வேண்டாம் என்பதால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிள்ளைகள் தலையில் அந்தக் கணக்கை எழுதாதீர்கள். அரசாங்கமே கொஞ்சம் மாறியிருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இலிருந்து ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தார்கள். 2022-இல் அதே பெயரில் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள், புதுமைப் பெண் என்று. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. அவள் கணக்கில் என்பதைக் கவனியுங்கள். அந்த ஏடிஎம் கார்டை நீங்கள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. ஒரு கேள்வி மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது வரிசையில் அந்தப் பச்சைப் புடவை அக்கா.

(அவர் கேட்டது: "பங்கு கேட்டா, நாளைக்கு எம் பொண்ணுங்க சடங்குக்குத் தாய்மாமன் சீர் தூக்கிட்டு வருவாராம்மா?")

வராமலும் போகலாம் அக்கா. பொய் சொல்ல மாட்டேன். பங்கு கேட்டு உறவு முறிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், கேட்காமலேயே முறிந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அது உங்கள் அண்ணன் குணத்தைப் பொறுத்தது, அவரை உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் பங்கு கேட்பது என்றால் நாளைக்கே வீட்டை விற்றுக் காசைப் பிரிப்பது என்று அர்த்தமில்லை. மாடி அறையும் ஏறிப்போகும் படியும் உங்கள் பெயருக்கு வந்தால் போதும் என்றுகூடப் பேசலாம். கேஸ் போடாமலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வழி இருக்கிறது. அண்ணியையும் கூப்பிடச் சொல்லுங்கள், அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும். அதற்கு முன்னால், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா பார்த்தீர்களா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? அப்பா இறந்ததற்கு வாரிசுச் சான்று வாங்கியிருக்கிறார்களா, அதில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்களா? தெரியாது என்றால் அண்ணனிடம் இப்போதைக்கு ஒன்றும் பேச வேண்டாம். திங்கட்கிழமை அப்பாவின் இறப்புச் சான்றையும் உங்கள் ஆதாரையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், இதோ பக்கத்தில் இருக்கிற இந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.